ஏற்றத்துக்கு எந்தப் பல்? பழைய மவுண்டன் பைக்கும் தோட்டத்து ரோடும்

இலங்கை மலைநாட்டில், எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மாடசாமி கோவிலடி வளைவு என்று ஓர் இடம் இருக்கிறது. கொழுந்து லொறி அங்கே முதல் கியருக்கு இறங்கும். திரீவீலில் மூன்று பேர் வந்தால் ஒருவர் இறங்கி நடப்பார். நடந்து வருபவர்கள் பேச்சை நிறுத்தி மூச்சுக்கு இடம் கொடுப்பார்கள். என் பழைய மவுண்டன் பைக்கில் இருபத்தொரு கியர் இருந்தும், அந்த வளைவுக்கு வரும்போது ஆகச் சிறிய கியர்கூடப் போதாமல் முழங்கால் வலித்தது. அந்த வலியிலிருந்துதான் இந்த ஒப்பீடு தொடங்கியது.

சைக்கிள் 2022இல் வாங்கியது. பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு. மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு, 26 அங்குலச் சக்கரமும் இரும்புச் சட்டமும் உள்ள இந்த வண்டியைப் பழையதாக வாங்கினேன். பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை வந்து பெட்ரோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் அதற்குள் சைக்கிள் எனக்குப் பழகிவிட்டது, எனக்குப் பிடித்தும் விட்டது. காலையில் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, மெயின் ரோடு வரை 900 மீட்டர் இறக்கம். அங்கிருந்து ஹட்டன் பக்கமாக ஐந்து கிலோமீட்டர் ஏறி இறங்கிப் போனால் பாடசாலை. பின்னேரம் அதே வழி, பையில் பிள்ளைகளின் கொப்பிகளோடு. நாள் முழுக்க வகுப்பில் நின்ற காலுக்கு, கடைசியாக அந்த 900 மீட்டர் காத்திருக்கும்.

கியரை மாற்றலாம் என்று நினைத்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இணையத்தில் வாசித்ததும் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை சமதரை நகரங்களுக்கு எழுதப்பட்டவை. வேலைக்குப் போய்வர மவுண்டன் பைக்கின் சின்னப் பல் (செயின் ஓடும் பற்சக்கரம்) எதற்கு, முன்னால் பெரிய பல் போடுங்கள், மூன்றை ஒன்றாகக் குறையுங்கள் என்பார்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அது சரியாக இருக்கலாம். மலைநாட்டில் கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று முதலில் கேட்கக் கூடாது. களைத்த நேரத்தில், பாரத்தோடு, ஆகக் கடினமான ஏற்றத்தில் எவ்வளவு மெதுவாகப் போனால் கால் தாங்கும் என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்காகும்.

முதலில் ரோட்டை அளந்து பாருங்கள்

சரிவை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மேசன் பாஸ் ஒருவரிடம் ஸ்பிரிட் லெவலை இரவல் வாங்கி, சரியாக ஒரு மீட்டர் நீளமான நேரான கம்பின் மேல் வைத்தேன். கம்பின் ஒரு முனை மேட்டுப் பக்கம் ரோட்டில் படட்டும். பள்ளத்துப் பக்க முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் ரோட்டுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதம் சரிவு. எங்கள் கொங்கிரீட் ரோட்டில் பத்து இடங்களில் அளந்ததில் பெரும்பாலும் 12 வந்தது. கோவிலடி வளைவின் உட்பக்கத்தில் 16.

இது எவ்வளவு பெரிய எண் என்பது ரயில் பாதையோடு ஒப்பிட்டால் விளங்கும். ரம்புக்கணையிலிருந்து மலையேறும் பாதையைப் போட்டவர்கள் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற விடவில்லை. அது 2.3 சதவீதம்கூட இல்லை. அந்த அளவுக்குள் நிற்பதற்காகத்தான் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலையைக் குடைந்து போகிறது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது அப்படித்தான். பெரிய ரோடுகளும் பல இடங்களில் அவ்வளவு கொடுமையில்லை. நானுஓயா ரயில் நிலையம் 1,600 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா நகரம் சுமார் 1,870 மீட்டரில். இடையில் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் ரோடு. சராசரி 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மூச்சு வாங்கும், ஆனால் நல்ல கியரில் பேசிக்கொண்டே போகலாம்.

தோட்டத்து உள் ரோடுகள் வேறு. அவை இயந்திரத்தின் வசதி பார்த்து வளைக்கப்பட்டவை அல்ல. மலைக்கும் ஸ்டோருக்கும் லயத்துக்கும் குறுக்கே எட்டிப் போக வெட்டப்பட்டவை. பிறகு அவற்றின் மேல் கொங்கிரீட் போட்டார்கள், சரிவு அப்படியே நின்றுவிட்டது. ஆகவே நீங்கள் மெயின் ரோட்டோரம் இருப்பவரா, உள்ளே மலையில் இருப்பவரா என்பதே கியரைத் தீர்மானிக்கும் முதல் விஷயம். இரண்டு பேரும் ஒரே டவுனுக்குத்தான் போய் வருகிறார்கள், ஆனால் ஒரே கியர் இருவருக்கும் பொருந்தாது.

கால் எவ்வளவு தாங்கும்

என் சைக்கிள் வாங்கும்போது முன்னால் 48, 38, 28 பல். பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு அடுக்கு பிரீவீல், அதாவது பின் சக்கரத்தில் மரையால் பூட்டும் பற்கட்டு. மலிவு விலை மவுண்டன் பைக்குகளில் அடிக்கடி காணும் அமைப்பு இது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது வரும். ஆகச் சிறிய கியர் 28க்கு 28, அதாவது ஒன்றுக்கு ஒன்று. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.05 மீட்டர். ஒரு மிதிச் சுற்றுக்கு 2.05 மீட்டர் முன்னே போக வேண்டும்.

நான் 62 கிலோ, சைக்கிள் 15, பை 5. மொத்தம் 82 கிலோ. 12 சதவீத ஏற்றத்தில் இந்தப் பாரத்தை மேலே தள்ள, டயர் ரோட்டில் உராயும் இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 104 நியூட்டன் விசை வேண்டும். பெரிதாகப் பயிற்சி எடுக்காத, ஆரோக்கியமான ஒருவர் பத்து நிமிடத்துக்கு விடாமல் கொடுக்கக்கூடிய சக்தி 100 முதல் 150 வாட் வரை என்று வைத்துக்கொள்வோம். 150 வாட் கொடுத்தால் அந்த ஏற்றத்தில் வேகம் மணிக்கு 5.2 கிலோமீட்டர். எந்தக் கியர் போட்டாலும் வேகம் அதேதான், ஏனெனில் சக்தியும் பாரமும் மாறவில்லை. மாறுவது ஒன்றே ஒன்று: அந்த வேகத்தில் கால் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது.

28க்கு 28 போட்டால் நிமிடத்துக்கு 42 சுற்று. ஒவ்வொரு மிதியிலும் சராசரியாக 20 கிலோ பாரம் அழுத்துவதற்குச் சமமான விசை. காலின் பலம் கீழ்நோக்கிப் போகும் பாதிச் சுற்றில்தான் விழுவதால் உச்சத்தில் அது இன்னும் பல கிலோ கூடும். பத்துப் பதினொரு நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். என் முழங்கால் ஏன் வலித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தேவைப்படவில்லை. 60 சுற்றுக்கு வந்துவிட்டால் அதே வேலையைக் கால் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்யும், மிதியின் பாரம் 14 கிலோவுக்கு இறங்கும். அதற்கு வேண்டிய விகிதம் 0.7. இதுதான் நான் தேடிய எண். இனி ஒவ்வொரு வழியையும் இதோடு ஒப்பிடலாம்.

ஒரே பல்லில் ஓடுவது

எங்கள் பாடசாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கும் சேர் ஒருவர் இருக்கிறார். என் சைக்கிளைப் பார்த்து, "உதுக்கு ஏன் இவ்வளவு கியர்? எங்கட பக்கம் எல்லாரும் ஒரு பல்லோடதான் ஓடுறம். பழுதாகவும் ஒண்டும் இல்லை" என்றார். அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. கம்பியும் லீவரும், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டெரெய்லரும் இல்லாத சைக்கிள் ஆண்டுக்கணக்காகத் தொந்தரவு தராது. தடித்த செயின் மெதுவாகத்தான் தேயும். ஆனால் சாதாரண ஒரு பல் சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்தால் விகிதம் 2.4க்கு மேல். என் ஏற்றத்தில் அது நிமிடத்துக்கு 17 சுற்று, மிதிக்குச் சராசரி 49 கிலோ. என் உடல் எடையே 62. எழுந்து நின்று மிதித்தாலும் நாலு முழத்துக்கு மேல் போகாது. ஒரே பல்லை 0.7க்கு இறக்கினால் சமதரையில் நடைவேகம்தான் மிஞ்சும். சமதரைக்கு நல்ல வழி, இங்கே இல்லை.

முன்னால் 48ஐவிடப் பெரிய பல் போடும் யோசனையையும் இதோடு சேர்த்து விட்டுவிடுகிறேன். 48க்கு 14 கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 33 கிலோமீட்டரைத் தாண்டும். ஹட்டன் பக்க ரோட்டில் அவ்வளவு வேகம் வரும் இடமெல்லாம் இறக்கம். இறக்கத்தில் கை பிரேக்கில் இருக்கும், கால் சும்மா இருக்கும்.

இருந்தபடியே விட்டுப் பழுது பார்ப்பது

இதை யாரும் ஒரு தெரிவாகவே சொல்வதில்லை. ஆனால் பலருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். பழைய சைக்கிளில் கியர் போதவில்லை என்று தோன்றுவதில் பாதி, கியர் சரியாக விழாததால் வருவது. துருப்பிடித்த கம்பி, தேய்ந்த செயின், வளைந்த டெரெய்லர் தொங்கல். ஆகச் சின்னக் கியர் இருந்தும் செயின் அதில் உட்காராது, நாம் அடுத்ததிலேயே மிதித்துக்கொண்டிருப்போம். புதுக் கம்பி, புது உறை, எண்ணெய், இரண்டு எல்லைத் திருகாணிகளைச் சரிபார்ப்பது. ஒரு சனிக்கிழமை வேலை.

செயினை அளக்க ஓர் அளவுகோல் போதும். ஒரு பின்னில் தொடங்கி 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பின் பற்களும் அதோடு கெட்டிருக்கும். அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால், எழுந்து அழுத்தி மிதிக்கும் அந்த நொடியில் அது பல்லைத் தாண்டி நழுவும். எங்கள் பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவ மழையில், ரோட்டுச் சேறும் மணலும் ஒட்டிய செயின் எதிர்பார்ப்பதைவிட வேகமாகத் தேய்கிறது. அதனால் பிரீவீலையும் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டிய நாள் எப்படியும் வரும். அந்த நாளில்தான் அடுத்த வழியை யோசிக்க வேண்டும், ஏனெனில் செலவில் பாதி ஏற்கெனவே ஆகியிருக்கும்.

பின்னால் 34 பல் பிரீவீல்

கடைகளில் மெகா ரேஞ்ச் என்று கேட்டால் தருவார்கள். ஷிமானோவின் ஏழு அடுக்கு 14–28 பிரீவீலில் பற்கள் 14, 16, 18, 20, 22, 24, 28 என்று போகும். 14–34இல் 14, 16, 18, 20, 22, 24, 34. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஆறும் ஒன்றேதான். கடைசி ஒன்று மட்டும் மாறுகிறது. மெயின் ரோட்டில் இதுவரை பழகிய எந்தக் கியரும் போகாது, கீழே ஒரு பெரிய பல் மட்டும் கிடைக்கிறது. லீவரும் மாற்ற வேண்டாம், சக்கரமும் மாற்ற வேண்டாம். 28க்கு 34 என்றால் 0.82. என் ஏற்றத்தில் நிமிடத்துக்கு 51 சுற்று. 42இலிருந்து 51 என்பது எழுத்தில் சிறியதாகத் தெரியும். கால் அந்த வித்தியாசத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிடும்.

குறை ஒன்று உண்டு. 24இலிருந்து 34க்குத் தாவும்போது இடைவெளி பெரிது. ஒரு கியரில் மெல்ல மிதித்துக்கொண்டிருந்த கால், அடுத்த கியரில் திடீரென்று ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் சுற்றும். ஏற்றத்தின் நடுவில், முழுப் பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் கரகரத்துத் தவிக்கும். வளைவுக்கு முன்பே, பலத்தைச் சற்றுத் தளர்த்தி மாற்றிவிட வேண்டும். கோவிலுக்கு முன்னே ஒரு சவுக்கு மரம் இருக்கிறது, அதுதான் எனக்கு அடையாளம். அதைத் தாண்டிய பிறகு கியரில் கை வைக்க மாட்டேன்.

இந்த மாற்றத்தில் நான் அனுபவித்த ஒரு கெட்ட நாளையும் சொல்ல வேண்டும். 2023இல் ஒரு கடையில் கொடுத்து 34 பல் போட்டேன். பழைய செயின் இன்னும் நல்லாத்தான் இருக்கிறது என்று அதையே திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள். அது 28 பல்லுக்கு வெட்டிய நீளம். மறுநாள் காலையில் முன்னால் 48இல் செயின் இருப்பதைக் கவனிக்காமல் பின்னால் 34க்குத் தள்ளினேன். செயின் கம்பி போல விறைத்து, டெரெய்லரை முன்னுக்கு இழுத்து, அதன் தொங்கல் தகட்டை வளைத்துவிட்டது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் கால் ஊன்றி நிற்க முடிந்தது. வேகத்தில் நடந்திருந்தால் டெரெய்லர் ஸ்போக்குக்குள் போயிருக்கும். அன்று முதல் பாடம் நடத்துவதுபோல் எல்லாரிடமும் சொல்கிறேன்: பெரிய பல் போட்டால் செயினும் புதிது. அளவு எளிது. டெரெய்லரில் கோக்காமல், முன்னால் ஆகப் பெரிய பல்லையும் பின்னால் ஆகப் பெரிய பல்லையும் சுற்றி நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி, அதாவது ஓர் அங்குலம், கூட விட்டு வெட்டுங்கள்.

சின்னப் பல்லுக்கு வரும்போது மிஞ்சும் செயின் தளர்ச்சியை டெரெய்லர் சுருட்டிக்கொள்ளவும் வேண்டும். முன் பற்களின் வித்தியாசம் 48க்கும் 28க்கும் 20. பின் பற்களின் வித்தியாசம் 34க்கும் 14க்கும் 20. கூட்டினால் 40. நீளக் கூடு (செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்ச் சட்டம்) உள்ள மவுண்டன் பைக் டெரெய்லர்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும். குட்டைக் கூடு தாங்காது, செயின் கீழே தொங்கும். வாங்குமுன் உங்கள் டெரெய்லரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள்.

கழற்றுவதுதான் கடினம். பிரீவீல் மரையில் ஏறி உட்கார்ந்திருப்பது, ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கும். மலையில் ஓடிய சைக்கிளில் அது இரும்போடு இரும்பாகப் பற்றியிருக்கும். சரியான பல்லுச் சாவியை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் குத்தி, ஸ்டீயரிங் திருப்புவதுபோல் சக்கரத்தைத் திருப்பினால் வரும். இரண்டு பேர் வேண்டும். ஸ்போக்கை வெட்டிப் புது ரிம் கட்ட நினைத்திருந்தால், முதலில் பிரீவீலைக் கழற்றிவிடுங்கள். ஸ்போக் போன பிறகு பிடிக்க எதுவும் இருக்காது. கழற்றிய கையோடு பின் அச்சையும் உருட்டிப் பாருங்கள். பிரீவீல் வகை ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடத்தில்) வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி இருப்பதால், பாரமும் குழியும் சேர்ந்தால் அச்சு வளையும். என்னுடையது வளைந்துதான் இருந்தது.

முன்னால் சின்னக் கிரேங்க்

எனக்குப் பழக்கமான சைக்கிள் கடை அண்ணன் முதலிலிருந்தே சொன்னது இதுதான். "சேர், பின்னுக்கு மாத்தி என்ன செய்ய? முன்னுக்குச் சின்னப் பல்லு போட்டா எல்லா கியரும் இலேசாகும்." உண்மை. 42, 34, 24 பல் உள்ள கிரேங்க் (பெடல் கையும் முன் பற்களும் சேர்ந்த பாகம்) போட்டால் பின்னால் பழைய 28 இருந்தாலும் விகிதம் 0.86. நிமிடத்துக்கு 49 சுற்று. பின்னால் மட்டும் 34 போட்டபோது கிடைத்தது 51. ஏறத்தாழ ஒரே பலன்.

ஆனால் வேலை ஒன்றல்ல. மலிவு கிரேங்குகளில் மூன்று பல்லும் ரிவெட் அடித்துச் சேர்த்தவை, சின்னதை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. கிரேங்கை முழுசாக மாற்ற வேண்டும். அதற்கு இழுப்பான் வேண்டும், சுத்தியலால் தட்டிக் கழற்றினால் மரை போகும். சதுர அச்சின் நீளம் புதுக் கிரேங்குக்குப் பொருந்தாவிட்டால் பற்கள் சட்டத்தில் உரசும், அல்லது வெகுதூரம் வெளியே நிற்கும். பெரிய பல் 48இலிருந்து 42 ஆனதும் முன் டெரெய்லரைக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும், அதன் கூடு பல்லுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி. இதில் ஒன்று பிசகினாலும் செயின் உள்ளே விழும். பலன் ஒன்றாக இருக்கும்போது, எளிய வேலையை முதலில் செய்வதே சரி என்று அண்ணனிடம் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

இரண்டையும் சேர்த்தால் கதை வேறு. 24க்கு 34, விகிதம் 0.71. நிமிடத்துக்குச் சரியாக 60 சுற்று. நான் தேடிய எண். ஓர் ஆண்டு 34 பிரீவீலோடு ஓடிவிட்டு, 2024இல் கிரேங்கை மாற்றினேன். வெறும் பையோடு வரும் நாட்களில் முன்னால் பழைய 28 போதுமாக இருந்தது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களும், டவுனில் வாங்கிய அரிசியும் தேங்காயும் சேர்ந்து பத்துக் கிலோ ஏறிய நாட்களில் அது போதவில்லை. மேலே இழந்தது என்ன? 42க்கு 14இல் 80 சுற்று மிதித்தால் மணிக்கு 29 கிலோமீட்டர். முன்பு 33. அந்த நாலு கிலோமீட்டரை நான் ஒரு நாளும் தேடவில்லை.

16 சதவீத வளைவில் இன்னும் 46 சுற்றுக்கு இறங்கும், வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டராகக் குறையும். அங்கே மூச்சு நின்றால் இறங்கித் தள்ளுகிறேன். 22 பல் முன்னால் உள்ள கிரேங்கும் உண்டு, ஆனால் மணிக்கு நாலு கிலோமீட்டரில் சைக்கிளை நேராகப் பிடிப்பதே தனி வேலை, பின்னால் லொறி வந்தால் ஆபத்தும்கூட.

முன்னால் ஒன்று, பின்னால் பெரிய அடுக்கு

இது இன்றைய மவுண்டன் பைக்குகளின் வழி. முன்னால் 32 பல் ஒன்றே, பின்னால் 11 முதல் 42 வரை. விகிதம் 0.76, நிமிடத்துக்கு 55 சுற்று, மேலே 2.9. எண்களில் குறையே இல்லை, முன் டெரெய்லரும் லீவரும் போவதால் மனதுக்கும் சுகம். புதிதாகச் சைக்கிள் வாங்குபவருக்கு இதைத்தான் சொல்வேன்.

பழைய சைக்கிளுக்கு மாற்றுவதில்தான் சிக்கல். அந்த அடுக்குகள் கேசெட் வகை, ஹப்பின் மேல் நேராக நழுவி உட்காருபவை, பிரீவீல் மரையில் ஏறாது. அதற்கேற்ற ஹப் உள்ள பின் சக்கரம் வேண்டும். பழைய சட்டத்தின் பின் கவட்டு அகலம் பலவற்றில் 130 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு, இன்றைய மவுண்டன் ஹப் 135 அல்லது அதற்கும் மேல். டெரெய்லர், லீவர், செயின், முன் பல் எல்லாமே புதிது. கூட்டிப் பார்த்தால் சைக்கிளின் விலையைத் தொடும். அதைவிட எனக்குப் பெரிய தடை, பழுதானால் என்ன செய்வது என்பது. 14–34 பிரீவீலை ஹட்டனில் கேட்டு வாங்கினேன். 42 பல் அடுக்கு தேய்ந்தால் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும், அல்லது பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் சைக்கிள் அவ்வளவு நாள் நிற்க முடியாது.

உங்கள் சக்கரம் எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள். பின் பற்களை எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். நடுவில் சாவி மாட்டும் பல்லுவெட்டு பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசெட். அது அசையாமல் நின்று பற்கள் மட்டும் சுற்றினால் பிரீவீல். கேசெட்டாக இருந்தால் உங்களுக்கு வழி இன்னும் எளிது. எட்டு அடுக்கில் 11–34 இருக்கிறது.

யாருக்கு எது

பண்டாரவளை டவுனுக்குள்ளேயே இருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய்வரும் என் தம்பிக்கு எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். 14–28, புதுக் கம்பி, புதுச் செயின். அவன் ரோட்டின் ஆகக் கடினமான துண்டு 7 சதவீதம். என்னிடம் இருந்த பணத்தில் அவன் சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். மெயின் ரோட்டோரம் இருந்து பாரம் இல்லாமல் போகிறவருக்கும் இதே பதில்.

மலைக்குள்ளே, 10 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டியவர்கள் செயின் தேயும் நாள் வரை பொறுத்திருந்து 34 பிரீவீல் போடட்டும். ஒரு மழைக்காலம் ஓடிப் பார்க்கட்டும். அதன் பிறகும் கால் 50 சுற்றுக்குக் கீழே திணறினால், அல்லது பாரம் வழக்கமாகக் கூடினால், கிரேங்கை மாற்றட்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்ல மாட்டேன். எது உங்கள் காலுக்கு உதவியது என்று தெரியாமல் போகும், இரண்டாவது தேவைப்படாமலும் போகலாம்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1.95 அங்குலக் கட்டை டயரிலிருந்து 1.5 அங்குல வழவழப்பான டயருக்கு மாறினால் சுற்றளவு ஏறத்தாழ 2 சதவீதம் குறையும், எல்லாக் கியரும் அவ்வளவுக்கு இலேசாகும். மெயின் ரோட்டில் உருளவும் சுகம். ஏற்றத்தில் புவியீர்ப்பே பெரிய பாரம் என்பதால் அங்கே பெரிய மாற்றம் தெரியாது. உள் ரோட்டில் கொங்கிரீட் உடைந்து கல் கிளம்பிய இடங்கள் இருக்கும்வரை நான் 1.75ஐ விட்டு இறங்க மாட்டேன்.

பிரேக் சரியில்லாத சைக்கிளுக்குக் கியர் வாங்க வேண்டாம். ஏறிப் போகும் 900 மீட்டரைத்தான் மறுநாள் காலை மழையில், மூடுபனியில் இறங்க வேண்டும். ஈர ரிம்மில் பழைய கட்டைகள் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே மாட்டா, மணல் ஒட்டியவை ரிம்மையே அரைத்துவிடும். நானுஓயாப் பக்கம் ரதல்ல குறுக்கு ரோட்டில் பிரேக் போய் நடந்த விபத்துகளை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. முன்பின் கட்டைகளும் இரண்டு கம்பிகளும் முதலில். மீதி இருந்தால் பிரீவீல்.

பிரீவீலைப் புதிதாகப் பூட்டும்போது மரையில் கிரீஸ் தாராளமாகப் பூசச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த ஒரு விரல் கிரீஸ் இல்லாவிட்டால், மூன்று ஆண்டு மலை ஏறிய பிறகு அதைக் கழற்றப் போகிறவர் சக்கரத்தையே வெட்ட வேண்டிவரும்.